மொட்டை மாடி சென்சார் சொல்வதை வயரில்லாமல் வீட்டுக்குள் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த நாட்களில், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நாளுக்கு நான்கு முறை நான்கு மாடி ஏறினோம். அப்போதுதான் நிரல் எழுதி ஓட்டும் ஒரு சின்ன போர்டையும், நீர் மட்டம் அளக்கும் சென்சாரையும் தொட்டி மூடியில் பொருத்தினேன். அது வேலை செய்வதைப் பார்த்து அக்கம்பக்கத்தார், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், பிராஜெக்ட் செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் கேட்கத் தொடங்கினார்கள். ஆட்கள் வேறு, சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, என்னிடம் அர்டுயினோ ஊனோ போர்டு இருக்கிறது. அதுவே போதாதா?

சென்சாரைப் படிக்கப் போதும். படித்ததை அனுப்பப் போதாது. வழக்கமாகக் கிடைக்கும் ஊனோவில் (ஆர்3) வைஃபையும் இல்லை, புளூடூத்தும் இல்லை. தனியாக ஒரு ரேடியோ மாட்யூல் வாங்கி இணைக்க வேண்டும். அதற்கான செலவும் வயர்ச் சிக்கலும் சேர்ந்தால், வைஃபை உள்ளேயே இருக்கும் ஒரு போர்டை வாங்குவதே மேல். ஊனோவில் நினைவகமும் 2 கிலோபைட்தான்.

ஆனால் ஊனோவைத் தூக்கிப் போட வேண்டாம். புது சென்சார் வந்ததும் நான் முதலில் அதில் மாட்டித்தான் பார்க்கிறேன். அது 5 வோல்ட்டில் ஓடுவதால், சென்சார் நல்லதா கெட்டதா என்று வேறு குழப்பமில்லாமல் தெரிந்துவிடும்.

ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32, இரண்டில் எதை வாங்குவது?

இரண்டுமே எஸ்பிரெஸிஃப் என்ற ஷாங்காய் நிறுவனத்தின், வைஃபை உள்ளேயே இருக்கும் சிப்கள். 8266 முதலில் வந்தது, 2014 வாக்கில் பரவியது. 32 அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு சென்சார் என்றால் 8266 போர்டு தாராளமாகப் போதும். நான் முதலில் வைத்ததும் அதுதான்.

அளவை வோல்ட்டாகக் கொடுக்கும் அனலாக் சென்சார்கள் ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, பேட்டரியில் ஓட்ட நினைத்தாலோ, புளூடூத் தேவைப்பட்டாலோ 32 வாங்குங்கள். 8266-ல் அனலாக் பின் (சென்சார் வயரை மாட்டும் கால்) ஒன்றே ஒன்றுதான். மண் ஈரம் பார்க்க நான்கு தொட்டிச் செடிகளில் சென்சார் வைக்க விரும்பிய ஒரு அம்மா, 8266 வாங்கிவிட்டு இதனால்தான் திரும்பக் கடைக்குப் போனார்.

ரிச்சி தெருவில் வாங்கலாமா, ஆன்லைனிலா?

முதல் முறை என்றால், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கே போங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். போர்டு, ஜம்பர் வயர், ரெசிஸ்டர், பெட்டி எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும், கையில் எடுத்துப் பார்த்தும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிறைய கடைகள் மூடியிருக்கும், அதை மனதில் வையுங்கள்.

எங்கே வாங்கினாலும் ஒன்றைச் சரிபாருங்கள். பிஎம்இ280 சென்சார் என்று கேட்டால் பிஎம்பி280 வந்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதலாவது வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றும் சொல்லும். இரண்டாவதில் ஈரப்பதம் கிடையாது. நிரலில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் இல்லாத ஈரப்பதம் வராது.

போர்டை கம்ப்யூட்டரில் செருகினால் லைட் எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. போர்டு போச்சா?

பத்தில் எட்டு முறை கேபிள்தான் காரணம். பவர் பேங்க்கோடு வரும் பல கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் உண்டு, தகவல் போகும் கம்பிகள் இருக்காது. செல்போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்து படம் மாற்றிய கேபிள் ஒன்றை எடுத்துச் செருகிப் பாருங்கள். அதற்கும் தெரியவில்லை என்றால், பல போர்டுகளில் இருக்கும் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப்புக்கான டிரைவரை நிறுவுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு எந்த சென்சார் நல்லது?

நீர் புகாத மீயொலி சென்சார், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்று கேளுங்கள். தொட்டி மூடியில் ஓட்டை போட்டு, கீழே பார்த்தபடி பொருத்த வேண்டும். ஒலியை அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரம் கணக்கிடும். இரண்டு கண் போலிருக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 வேண்டாம். ஆவி ஏறி சீக்கிரம் கெட்டுவிடும்.

மூன்று விஷயம். முதலாவது, இந்த சென்சாருக்கு முகத்துக்கு நேரே சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை கண் தெரியாது. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் தப்பான எண் வரும். அதனால் நிரம்பிய மட்டத்துக்கு மேலே அந்த இடைவெளி கிடைக்கும்படி, ஒரு குட்டை பிவிசி பைப் வைத்து உயர்த்திப் பொருத்துங்கள். இரண்டாவது, இதன் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி சிப்களுக்கோ 3.3 வோல்ட்தான். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வோல்ட்டைக் குறைக்கும் பிரிப்பானாகப் போடாமல் நேராக இணைக்காதீர்கள். இணைத்தும் ஓடுகிறதே என்பார்கள். ஓடும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சென்னை வெயில். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 40 டிகிரியில் கிட்டத்தட்ட 355. சென்சாருக்கான நிரல் நூலகத்தில் (லைப்ரரி) உள்ள கணக்கு 20 டிகிரியை நம்பி எழுதப்பட்டிருந்தால், மே மாத மதியத்தில் ஒரு மீட்டருக்கு மூன்று செ.மீ.க்கு மேல் பிசகும். தொட்டிக்கு அது பெரிய தப்பில்லை. கணக்காக வேண்டுமென்றால் கூடவே ஒரு டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

தொட்டி பாதிதான் இருக்கிறது, திடீரென்று "நிரம்பிவிட்டது" என்கிறது. அப்புறம் தானே சரியாகிவிடுகிறது. ஏன்?

மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறதா என்று பாருங்கள். மேலிருந்து விழும் தண்ணீர் சென்சாரின் பார்வைக் கூம்புக்குள் வந்தால், ஒலி அதில் பட்டே திரும்பிவிடும். தொட்டிச் சுவருக்கு ஒட்டி வைத்தாலும் இதேதான் நடக்கும். தண்ணீர் விழும் வாய்க்கு எதிர்ப்பக்கம், சுவரிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள்.

மீதியை நிரலில் சரிசெய்யலாம். ஒரே அளவை நம்பாமல் ஒன்பது முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள். ஒன்பதில் ஒன்று உளறினாலும் சராசரி நகர்ந்துவிடும், நடு எண் நகராது.

கீழே வைஃபை அருமையாக இருக்கிறது. மொட்டை மாடியில் வைத்தால் போர்டு சேரவே மாட்டேன் என்கிறது.

முதலில் அலைவரிசையைப் பாருங்கள். 8266-க்கும் பரவலாகக் கிடைக்கும் 32-க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால், பக்கத்திலேயே வைத்தாலும் சேராது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் 2.4-க்கு வேறு பெயர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது கான்கிரீட். மாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பிகள் அலையைத் தின்றுவிடும், படிக்கட்டு உச்சியில் இருக்கும் இரும்புக் கதவும் அப்படியே. தண்ணீரும் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாக உறிஞ்சும். ஆகவே போர்டு தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. போர்டு சொல்லும் சிக்னல் அளவைக் கம்ப்யூட்டர் திரையில் வரவழைத்துப் பாருங்கள். மைனஸ் 67 என்றால் நல்லது, மைனஸ் 80-ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து வரும். எங்கள் வீட்டில் ரூட்டரை ஹால் மூலையிலிருந்து பால்கனி ஜன்னல் பக்கம் மாற்றியதிலேயே மைனஸ் 84 மைனஸ் 71 ஆனது. வேறு எதுவும் வாங்கவில்லை.

ரூட்டரை நகர்த்த முடியாது, வைஃபையும் எட்டாது. வேறு என்ன வழி?

இரண்டு வழி இருக்கிறது. ஈஎஸ்பி-நவ் என்பது ஈஎஸ்பி போர்டுகள் ரூட்டர் இல்லாமலே தங்களுக்குள் பேசும் முறை. ஒரு செய்தியில் 250 பைட் வரை அனுப்பலாம், தொட்டி மட்டத்துக்கு அது ஏராளம். இணைப்பு ஏற்படுத்தக் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் ஒரு நொடிக்குள் அனுப்பிவிட்டுத் தூங்கிவிடலாம். படிக்கட்டு உச்சியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இடைத்தரகராகவும் வைக்கலாம்.

ஒரு கண்ணி உண்டு. வீட்டில் இருந்து செய்தியைப் பெறும் போர்டு வைஃபையிலும் இருந்தால், அது ரூட்டரின் சேனலில்தான் கேட்டுக்கொண்டிருக்கும். மாடியில் இருப்பதும் அதே சேனலில் பேச வேண்டும். ரூட்டர் தானாகச் சேனல் மாற்றினால் அன்றோடு பேச்சு நின்றுவிடும். ரூட்டரை 1, 6, 11 மூன்றில் ஏதாவது ஒன்றில் நிலையாக வையுங்கள். இரண்டாவது வழி லோரா, குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்தியை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ.

லோராவுக்கு லைசென்ஸ் எடுக்கணுமா சார்?

865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பட்டைக்கு இந்தியாவில், சொல்லப்பட்ட சக்தி வரம்புக்குள் இருந்தால், உரிமம் தேவையில்லை. கடையில் 868 என்று எழுதி விற்கும் எஸ்எக்ஸ்1276 மாட்யூலை வாங்கி, நிரலில் அலைவரிசையை இந்தப் பட்டைக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலையும், வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து 915-ஐயும் வாங்காதீர்கள். மாதிரி நிரல்கள் பலவற்றில் 915 என்றே இருக்கும், அதை மாற்றாமல் ஓட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆன்டெனாவைப் பொருத்தாமல் மாட்யூலுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். அனுப்பும் சக்தி வெளியே போக வழியில்லாமல் சிப்புக்கே திரும்பிவிடும்.

லோரா 10 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருந்தது. எனக்கு இரண்டு தெருகூடத் தாண்டவில்லையே?

அந்த 10 கிலோமீட்டர் நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக்கு. அடையாறிலோ தி. நகரிலோ நடுவில் இருப்பது நான்கு மாடி வீடுகள். இங்கே தூரத்தைவிட உயரம்தான் முக்கியம். இரண்டு முனைகளும் மொட்டை மாடியில் இருந்து ஒன்றுக்கொன்று கண்ணில் பட்டால் நன்றாகப் போகும். ஒரு முனை தரைத்தளத்து ஷெல்ஃபில் இருந்தால் போகாது.

அப்புறம் பரவல் காரணி என்று ஓர் எண் இருக்கும், 7 முதல் 12 வரை வைக்கலாம். எண் கூடக் கூட தூரம் கூடும், வேகம் குறையும். பத்து பைட் அனுப்ப 7-ல் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும், 12-ல் சுமார் ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி முழுக்கப் பேட்டரி கரையும். அதனால் 7-ல் தொடங்கி, எட்டாவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் 12 வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஆபீசிலிருந்து போனில் பார்க்கணும். ரூட்டரில் போர்ட் திறந்தால் போதும் என்கிறார்களே?

போர்ட் என்பது வெளியிலிருந்து வீட்டுக்குள் வர ரூட்டரில் திறந்துவிடும் வாசல். பல இணைய நிறுவனங்கள் வீடுகளுக்குத் தனி முகவரி தருவதில்லை, ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்படியானால் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. முடிந்தாலும் செய்யாதீர்கள். ஒரு சின்ன போர்டை நேராக இணையத்தில் நிறுத்துவது பாதுகாப்பில்லை.

திசையை மாற்றுங்கள். போன் வீட்டுக்குள் வந்து கேட்பதற்குப் பதிலாக, போர்டு வெளியே போய்ச் சொல்லட்டும். திங்ஸ்பீக் என்ற இணையச் சேவையின் இலவசக் கணக்கு தொடக்கத்துக்கு நல்லது. ஒரு சேனலில் எட்டு அளவுகள் வரை வைக்கலாம், 15 நொடிக்கு ஒரு முறை அனுப்பலாம், வரைபடமும் தானே போட்டுத் தரும்.

எல்லோரும் எம்க்யூடிடி என்கிறார்கள். அது எதற்கு?

1999-ல், பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாக, குறைந்த செலவில் வாங்க வேண்டியிருந்தது. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் அதற்காக உருவாக்கியதுதான் எம்க்யூடிடி என்ற இந்தச் செய்தி அனுப்பும் முறை. மெலிந்த இணைப்பு, தொலைவில் ஒரு சென்சார், சின்னச் செய்தி. நம் மொட்டை மாடியும் அதே நிலைமைதான்.

நடுவில் ஒரு தரகர் நிரல் இருக்கும். சென்சார் அதனிடம் "வீடு/மாடி/தொட்டி" என்ற தலைப்பில் எண்ணைச் சொல்லும். அந்தத் தலைப்பைக் கேட்கப் பதிந்திருக்கும் எல்லோருக்கும் தரகர் அதை அனுப்பும். வீட்டிலேயே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மொஸ்கிட்டோ என்ற தரகர் நிரலை ஓட்டினால் இணையம் போனாலும் வீட்டுக்குள் எல்லாம் நடக்கும். சென்சார் ஒன்றே ஒன்று, பார்ப்பவர் நீங்கள் ஒருவரே என்றால் இது அவசியமில்லை. முந்தைய பதிலில் சொன்ன வழியே போதும்.

சோதனைக்குப் பொதுத் தரகர்கள் இலவசமாக இருக்கிறார்களே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஒரு மாலை முயன்று பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அங்கே நீங்கள் சொல்வது எல்லோருக்கும் தெரியும். தொட்டி மட்டத்தில் என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். மூன்று நாளாக மட்டம் இறங்கவே இல்லை என்றால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். உங்கள் சொந்தத் தரகருக்குக் கடவுச்சொல் வையுங்கள். இணையம் வழியாகப் போனால் 1883-க்குப் பதிலாக, மறைகுறியாக்கம் உள்ள 8883 போர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

மூன்று நாளாக 70 சதவீதம் என்றே காட்டுகிறது. தொட்டியோ காலி. சென்சார் பொய் சொல்கிறதா?

எனக்கும் நடந்தது. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாள்தோறும் போனைப் பார்த்தேன், 70 சதவீதம் என்று இருந்தது. மேல் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர் போன் செய்து, குழாயில் காற்றுதான் வருகிறது தம்பி என்றார். சென்சார் பொய் சொல்லவில்லை. முதல் நாளே மின்சாரம் அறுந்து நின்றுவிட்டது. கடைசியாகச் சொன்ன எண்ணைத் தரகர் பத்திரமாக வைத்திருந்து, நான் கேட்டபோதெல்லாம் அதையே கொடுத்தது. நான் அதை இன்றைய எண் என்று நம்பினேன். அன்றிலிருந்து, எத்தனை சதவீதம் என்பதைவிட எப்போது அளந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு எண்ணோடும் அளந்த நேரத்தையும், ஒன்று ஒன்றாகக் கூடும் வரிசை எண்ணையும் அனுப்புங்கள். திரையில் "70%" என்று மட்டும் போடாமல் "70%, 4 நிமிடம் முன்" என்று போடுங்கள். இரண்டு முறை வர வேண்டியது வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டு "தகவல் இல்லை" என்று காட்டச் செய்யுங்கள். வரிசை எண் 1-க்குத் திரும்பினால் போர்டு மறுபடி தொடங்கியிருக்கிறது, நடுவில் தாவினால் செய்தி தொலைந்திருக்கிறது.

எம்க்யூடிடியில் கடைசி உயில் என்று ஒரு வசதி உண்டு. போர்டு சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால், அது முன்பே எழுதி வைத்த "நான் இல்லை" என்ற செய்தியைத் தரகர் எல்லோருக்கும் அனுப்பும். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் போர்டுக்கு இது மிகவும் நல்லது. பேட்டரியில் தூங்கித் தூங்கி எழுகிற போர்டு ஒவ்வொரு முறையும் முறைப்படி விடைபெற்றுப் போவதால் அதற்கு உதவாது. அதற்கு நேரமும் வரிசை எண்ணும்தான் வழி.

நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறது.

இணையத்திலிருந்து வரும் நேரம் கிரீன்விச் கணக்கு. நிரலில் 19800 நொடி கூட்டச் சொல்லுங்கள். காட்டும் இடத்தில் கூட்டினால் போர்டில் கூட்டாதீர்கள், இல்லாவிட்டால் ஐந்தரை மணி முன்னால் போய்விடும்.

வைஃபை போடாதவரை மண் ஈர சென்சார் நன்றாக இருக்கிறது. வைஃபை போட்டதும் வேலை செய்யவில்லை.

ஈஎஸ்பி32-ல் அனலாக் பின்கள் இரண்டு குழுக்கள். இரண்டாவது குழுவை வைஃபையும் பயன்படுத்துவதால் அது ஓடும்போது அந்தப் பின்களை நம்ப முடியாது. வயரை 32 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு மாற்றுங்கள். நிரலில் தப்பு தேடி இரண்டு இரவு தூங்காத ஒரு மாணவருக்கு, ஒரு வயரை மாற்றியதும் வேலை முடிந்தது.

கரண்ட் போய் வந்தால் போர்டு திரும்பச் சேர்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் மாடி ஏறி அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.

போர்டு இரண்டு நொடியில் எழுந்துவிடும், ரூட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். போர்டு எழுந்து பார்க்கிறது, வைஃபை இல்லை, உங்கள் நிரல் சலித்துப்போய் நின்றுவிடுகிறது. சேரவில்லை என்றால் அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயல வேண்டும், பத்து நிமிடமாகியும் முடியாவிட்டால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள வேண்டும். இதை நிரலில் எழுதிவிட்டால் மாடி ஏற வேண்டாம்.

கரண்ட் போகாமலே திடீர் திடீரென்று ரீசெட் ஆனால் அது வேறு. வைஃபை அனுப்பும் கணத்தில் சிப் சில நூறு மில்லி ஆம்பியரைச் சட்டென்று இழுக்கும். மெல்லிய, நீளமான யுஎஸ்பி கேபிள் என்றால் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். கேபிளை மாற்றி, போர்டின் பவர் பின்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்.

பேட்டரி ஒன்று போட்டால் எத்தனை நாள் ஓடும்?

கணக்குப் போடுவோம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, 5 நொடி வைஃபையில் இருந்து, சராசரி 100 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளுக்கு 96 முறை, 480 நொடி, சுமார் 13 மில்லி ஆம்பியர்-மணி. 2600 என்று எழுதிய 18650 வகை லித்தியம் பேட்டரியில் 2000 கையில் கிடைக்கும் என்று வைத்தால் ஐந்து மாதம் போக வேண்டும்.

பத்து நாளில் தீர்ந்துவிட்டது என்று வருவார்கள். தூக்கத்தில் சிப் குடிப்பது 10 மைக்ரோ ஆம்பியர் அளவுதான். ஆனால் அதைச் சுமக்கும் போர்டில் ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப், எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு என்று இருக்கின்றன. அவை சேர்ந்து 8 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 192. எழுந்து வேலை செய்வதைப்போல் பதினான்கு மடங்குக்கு மேல், தூங்கும்போதே போகிறது. மல்டிமீட்டரைத் தொடரில் வைத்துத் தூக்க மின்னோட்டத்தை அளந்துவிட்டே பேட்டரியை மாட்டுங்கள். தூக்கத்தில் குறைவாக இழுக்கும் போர்டு என்று கேட்டு வாங்கலாம், பவர் விளக்கைப் பிடுங்கிவிடலாம். 8266 என்றால் தூக்கத்திலிருந்து எழ ஜிபிஐஓ 16 என்ற பின்னை ரீசெட் பின்னோடு இணைக்க மறக்காதீர்கள்.

சோலார் பேனல் வைத்துவிட்டால் கவலையே இல்லைதானே? சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்!

வெயிலுக்குப் பஞ்சமில்லை, சூடுதான் பிரச்சினை. 2003 மே மாதம் இங்கே 45 டிகிரி அடித்தது, அது நிழலில் அளந்தது. வெயிலில் மூடிய பெட்டிக்குள் இன்னும் ஏறும். லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதற்குக் கேடு, உப்பினால் ஆபத்து. பேனல் மட்டும் வெயிலில் இருக்கட்டும். பேட்டரிப் பெட்டி நாள் முழுக்க நிழல் இருக்கும் இடத்தில், சுவரிலிருந்து சற்று விலகி, வெள்ளைப் பெட்டியாக இருக்கட்டும்.

நான் இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிதான் வைக்கிறேன், சூட்டை நன்றாகத் தாங்குகிறது. அதற்கு டிபி4056 சார்ஜர் கூடாது. அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், இந்த வகை 3.6-லேயே நிற்க வேண்டும். தனி சார்ஜர் கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசி மழைக்குத் தாங்குமா? எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் வேறு.

மேலிருந்து விழும் மழையைவிட வயர் வழியாக ஊர்ந்து வரும் தண்ணீர்தான் உள்ளே போகிறது. வயர்கள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அடியில் சின்ன ஓட்டை ஒன்று விடுங்கள். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவில் ஆவி குளிர்ந்து நீராகும், வெளியேற வழியிருக்காது. அந்த ஓட்டையில் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். சென்னை எறும்புகளுக்கு வெதுவெதுப்பான போர்டு என்றால் உயிர்.

கடற்காற்றுக்கு ஜம்பர் வயர் தாங்காது. பெசன்ட் நகரில் ஒரு நண்பர் வீட்டில் ஆறே மாதத்தில் பின்களெல்லாம் பச்சை பூத்துவிட்டன. பிரெட்போர்டில் (வயரைச் செருகி மட்டும் இணைக்கும் பலகை) ஓடியதைச் சால்டர் வைத்து நிலையாக்குங்கள். போர்டின் மேல் காப்புப் பூச்சு அடியுங்கள், சென்சார் துளையிலும் யுஎஸ்பி வாயிலும் படாமல். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.

மட்டம் தெரிகிறது, மோட்டாரையும் இதுவே போட்டு அணைக்கட்டுமே?

செய்யலாம், ஆனால் கடைகளில் கிடைக்கும் நீல நிற ரிலேயில் (போர்டு இயக்கும் சின்ன சுவிட்ச்) மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். அதில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 1 குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே, மோட்டார் இழுப்பைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் ஒன்றை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்பதை முதலில் எழுதுங்கள். 70 சதவீதக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் புது எண் வரவில்லை என்றால் மோட்டார் அணைய வேண்டும். எது நடந்தாலும் அரை மணிக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பும் வேண்டும், அந்த அரை மணி உங்கள் தொட்டி நிரம்பும் நேரத்தைப் பொறுத்தது. கீழே சம்ப் காலியானால் நிறுத்த, நிரலைச் சாராத ஒரு மிதவை சுவிட்ச் தனியாக இருக்கட்டும். வைஃபை, நிரல், தரகர் மூன்றும் படுத்தாலும் அது வேலை செய்யும்.

மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றில் வைக்க முடியுமா? மழைநீர்த் தொட்டி கட்டியதில் பலன் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். தன் வீட்டில் கட்டியது நீரை இறக்குகிறதா, அடைத்துக்கொண்டு சும்மா இருக்கிறதா என்று அளந்து பார்த்தவர்கள் குறைவு. கிணற்று மட்டம் அதைச் சொல்லும்.

மீயொலி சென்சார் நாலரை மீட்டருக்கு மேல் போகாது, கிணற்றுச் சுவரில் பட்டும் குழம்பும். நீரில் மூழ்கும் அழுத்த சென்சார் வாங்குங்கள். தலைக்கு மேல் எத்தனை மீட்டர் நீர் நிற்கிறது என்று அது சொல்லும். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வகையாக வாங்குங்கள். நீரே இல்லாவிட்டாலும் அது 4 மில்லி ஆம்பியர் கொடுக்கும், வயர் அறுந்தால்தான் 0 வரும். கிணறு வற்றியதா சென்சார் செத்ததா என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. அதன் மின்னோட்டம் 150 ஓம் ரெசிஸ்டர் வழியே போகட்டும், 0.6 முதல் 3 வோல்ட் வரை வரும், ஈஎஸ்பி32 படித்துக்கொள்ளும். சென்சாருக்கு 12 அல்லது 24 வோல்ட் தனியாக வேண்டும், அளக்கும் நேரத்தில் மட்டும் கொடுத்தால் போதும்.

மோட்டார் ஓடும்போது மட்டம் இறங்கி மெல்ல ஏறும், அதனால் விடியற்காலை நான்கு மணி அளவை மட்டும் ஒப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலிருந்தே பதிவைத் தொடங்கினால்தான் ஏற்றம் தெரியும். மாதம் ஒரு முறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஈரம் பட்ட நீளத்தை அம்மாவை அளக்கச் சொல்லி, சென்சார் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.